மிளகாவின் கர்ப்பப்பை

அந்த விடுதியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு மிளகா என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது, பொருத்தமாக இருந்ததால் ஒட்டிக்கொண்டது. மேற்பார்வையாளரை முகத்துக்கு நேராகவே தொப்பை என்பாள். கூட வேலை செய்த பெண்களில் அவளிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளாதவர் யாருமில்லை.

சலவைக்கூடம் தரைத்தளத்துக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. சோப்பு நெடியும் ஆவியும் எந்நேரமும் மூக்கில் ஏறும். மெஷினிலிருந்து ஈரப் படுக்கைவிரிப்புகளை உருவித் தொட்டியில் போட்டு, அந்தத் தொட்டியைத் தூக்கி உலர்த்தும் மெஷின் மேடையில் வைக்க வேண்டும். நனைந்த விரிப்பு பிணக்கனம் கனக்கும். ஒரு தொட்டிக்கு இரண்டு பேர் என்பதுதான் வழக்கம். ஆனால் மிளகாவோடு சேர்ந்து தூக்க யாரும் வரமாட்டார்கள், அவளும் யாரையும் கூப்பிடமாட்டாள். கடைசியாக அவளுக்கு ஜோடியாக இருந்தவள் ஒரு நெட்டைக்காரி. எதற்கென்றே மறந்துபோன ஒரு சண்டைக்குப் பிறகு இருவரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அன்றிலிருந்து மிளகா தனியாகவே தூக்கினாள், பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

அப்படித் தூக்கிய ஒருநாள் அடிவயிற்றில் ஏதோ நழுவியது. வலி என்று சொல்ல முடியாது. உள்ளே இருந்த ஒன்று பிடியை விட்டு இறங்கியது போல இருந்தது. கழிவறைக்குப் போய்த் தொட்டுப் பார்த்தாள். பிறப்புறுப்பின் வாயில் மெத்தென்று ஒரு சதை உருண்டை. புற்றுநோய்தான் என்று முடிவு கட்டினாள். விரலால் மெல்லத் தள்ளினாள், உள்ளே போனது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்த தொட்டியைத் தூக்கினாள்.

படுத்தால் உள்ளே போகும், நின்றால் இறங்கும். சிரித்தால், தும்மினால் சிறுநீர் கசியும். சிரிப்பை நிறுத்துவதில் அவளுக்குக் கஷ்டமில்லை. தும்மலைத்தான் அடக்க முடியவில்லை. பழைய சேலையைக் கிழித்துக் கோவணம் போல இறுக்கிக் கட்டிக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டினாள். யாரிடம் சொல்வது? புருஷன் எப்போதோ இன்னொருத்தியோடு போய்விட்டான். மகன் லாரி ஓட்டுகிறவன், ஆண்பிள்ளை. மிச்சம் இருந்தது மருமகள். அவளிடம் சொல்வதற்குப் பதில் நடுத்தெருவில் நின்று சொல்லலாம்.

மருமகள் செருப்புக்கடையில் விற்பனைப் பெண். நாளெல்லாம் அடுத்தவர் காலைப் பிடித்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் யாருக்கும் பணிந்துபோகப் பொறுமை இல்லை. இரண்டே அறை உள்ள வீட்டில் மாமியார் வந்ததும் வராததுமாகப் படுத்துக்கொள்வதைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வேலையிலேர்ந்து நானுந்தான் வர்றேன். எனக்கு இடுப்பு இல்லையா?" என்பாள் சுவரைப் பார்த்து.

"இருந்தா வளையணுமே," என்பாள் மிளகா, கூரையைப் பார்த்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறையைக் கழுவும்போது தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த துணி மருமகளின் கையில் கிடைத்தது. அதில் ரத்தக்கறை. மாமியாருக்குத் தூரம் நின்று வருடங்கள் ஆகின்றன என்பது அவளுக்குத் தெரியும். துணியைக் குச்சியில் எடுத்து வந்து மிளகாவின் முன்னால் போட்டாள்.

"இது என்ன கருமம்? இந்த வயசுல உங்களுக்கு எங்கேர்ந்து ரத்தம் வருது?"

மிளகா எழுந்தாள். ஓங்கி ஒரு அறை விடத்தான் எழுந்தாள். எழுந்த வேகத்தில் உருண்டை முழுசாக வெளியே வந்துவிட்டது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டியே, பாரு," என்று சேலையை விலக்கினாள்.

மருமகள் பார்த்தாள். சிவந்து, உரசி உரசிப் புண்ணாகிப்போன சதை. கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டாள். அவள் வாயில் வந்தது ஆறுதல் இல்லை.

"அறிவிருக்கா உங்களுக்கு? இத வச்சுக்கிட்டா இத்தனை நாளும் என்கூடச் சண்ட போட்டீங்க?"

"சண்ட போடறது வாயிதான்டி."

மறுநாள் மருமகளே கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். மகளிர் பிரிவு டாக்டர் சின்ன வயசுக்காரி, தூக்கமில்லாத முகம். பார்த்து முடித்துக் கையுறையைக் கழற்றிக்கொண்டே எரிந்து விழுந்தாள்.

"இவ்வளவு வருஷமா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

"நீங்க படிச்சு முடிக்கட்டும்னு காத்திட்டிருந்தேன்."

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. மேஜை மேலிருந்த ரப்பர் பொம்மையை முன்னால் நகர்த்தினாள். இடுப்பெலும்பும் அதற்குள் கழற்றி மாட்டுகிற உறுப்புகளுமாக இருந்தது. நடுவிலிருந்து ஒன்றைக் கழற்றி மிளகாவின் கையில் வைத்தாள். தலைகீழாகப் பிடித்த பேரிக்காய் போல, ஒரு கைப்பிடி அளவு.

"இதான் கர்ப்பப்பை. ரெண்டு பக்கமும் போற குழாய் கருக்குழாய். அது முனையில இருக்கறது முட்டைப்பை. முன்னாடி மூத்திரப்பை, பின்னாடி மலக்குடல். இது எல்லாத்தையும் தாங்கறதுக்குக் கீழ தொட்டில் மாதிரி ஒரு தசை இருக்கு, மேலேர்ந்து இழுத்துப் பிடிக்க நார் இருக்கு. பிரசவத்துல அதெல்லாம் தளர்ந்துடும். அதுக்கு மேல கனம் தூக்கித் தூக்கி நீங்க இதைக் கீழ தள்ளிட்டீங்க. இது புத்து இல்ல, இறக்கம்."

மிளகா அந்த ரப்பர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்று பிள்ளை இருந்த இடம், மிஞ்சியது ஒருவன். மூன்றாவது பிரசவத்தின் பச்சை ஆறுவதற்குள் அவளைத் தண்ணீர்க்குடம் தூக்க வைத்த மாமியாரின் முகம் ஞாபகம் வந்தது. செத்துப்போனவளை மனசுக்குள் நன்றாக ஏசினாள்.

"இத்தனூண்டா?" என்றாள். "இதுக்கா பயந்து செத்தேன்?"

முதலில் உள்ளே ஒரு வளையத்தை வைத்துத் தாங்கிப் பார்த்தார்கள். நிற்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டுத் தளர்ந்த தசையை இழுத்துத் தைத்துவிடலாம் என்றாள் டாக்டர். மகனுக்கு அதில் இஷ்டமில்லை.

"இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன்? அப்படியே சமாளிச்சுக்கக் கூடாதா?" என்றான், தாயின் முகத்தைப் பார்க்காமல்.

"உங்க லாரியில அச்சு கழண்டா சமாளிச்சு ஓட்டுவீங்களா?" என்றாள் மருமகள். "நாளைக்கு இவங்க படுக்கையில விழுந்தா அள்ளிக் கொட்டறது யாரு? நீங்களா? கையெழுத்தப் போடுங்க."

மாமியார் மேல் பாசம் பொங்கி அவள் அதைச் சொல்லவில்லை. மிளகாவுக்கும் அது தெரியும். தெரிந்ததனால்தான் அந்தப் பேச்சை நம்பி ஆபரேஷனுக்குப் படுத்தாள்.

உடம்பு தேறி, இனிக் கனம் தூக்கக் கூடாது என்ற டாக்டர் சீட்டோடு சலவைக்கூடத்துக்குத் திரும்பியபோது தொப்பை அவளை உள்ளே விடவில்லை. கனம் தூக்க முடியாதவளுக்கு இங்கே வேலை இல்லை என்றார்.

"ஏன் தூக்க முடியலன்னு கேளுங்க."

"அதெல்லாம் எனக்கு எதுக்கும்மா?"

"கர்ப்பப்பை எறங்கிடுச்சு. ஒங்க தொட்டியத் தூக்கித்தான் எறங்குச்சு."

தொப்பையின் காது சிவந்தது. "மெதுவாப் பேசு. பொம்பளைங்க சமாச்சாரம்."

மிளகா இன்னும் குரலை உயர்த்தினாள். கர்ப்பப்பை என்ற சொல்லை மெஷின் சத்தத்துக்கு மேலே, கூடமே திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள். எப்படி இறங்கியது, எதுவரை வந்தது, எப்படி உள்ளே தள்ளினாள் என்று வரிசையாகச் சொன்னாள். வேலைக்கு விடாவிட்டால் தினமும் வரவேற்பறையில் நின்று விருந்தாளிகளுக்கும் விளக்கப்போவதாகச் சொன்னாள். அவர் இரண்டு கையையும் தூக்கி, துணி மடிக்கிற மேஜையைக் காட்டினார். அந்த வாரமே தொட்டிகளுக்குச் சக்கரம் வைக்கச் சொல்லி மேலிடத்துக்குக் கேட்டார். மேலிடம் மறுத்துவிட்டது.

சில நாள் கழித்து மதியச் சாப்பாட்டு வேளையில் நெட்டைக்காரி மடிப்பு மேஜைக்கு வந்து நின்றாள். பல வருடம் பேசாதவள் என்பதால் எதில் தொடங்குவது என்று தெரியாமல் ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தாள்.

"எனக்கும் அந்த மாதிரிதான்னு நினைக்கிறேன்," என்றாள்.

"ஒன் நடையப் பார்த்தாலே தெரியுது. எத்தனை நாளா?"

"அது எதுக்கு ஒனக்கு?"

"நாளைக்கு அந்த டாக்டர்கிட்ட போ. போகலன்னா கூடத்துல எல்லாருக்கும் நானே சொல்வேன்."

நெட்டைக்காரி அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டிவிட்டுப் போனாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் வளையம் வைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு அது நழுவாமல் நின்றுவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் வழக்கம்போல மிளகாவுக்கு முதுகைக் காட்டி, கூடத்தின் மறுகோடியில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.