நலங்குப் பாட்டு போய்ச் சேர்ந்த இடம்

சென்ற மாதம் ஜெர்மனியில் என் நண்பர் ஒருவர் இறந்துபோனார். திரைப்படங்களுக்கு இசையமைத்தவர். அவருடைய மகள் அனுப்பிய செய்தித்தாள் நறுக்கில் ஒரே ஒரு காட்சியைப் பற்றித்தான் பாதிக்கு மேல் எழுதியிருந்தார்கள். ஆற்றில் மூழ்கி இறந்த இளம்பெண்ணைக் கரைக்குத் தூக்கி வருகிறார்கள். வாத்தியங்கள் எல்லாம் அடங்கிவிட, ஒரு பெண்குரல் மட்டும் பாடுகிறது.

அந்தக் குரலுக்கு உரியவள் புதூர்நாட்டுப் பக்கத்து மலைக்கிராமத்துக்காரி. அது அங்கே போனதற்குக் காரணம் நான்.

வனவியல் படிக்க ஜெர்மனியில் இருந்தபோது அவர் எனக்குப் பக்கத்து அறைக்காரர். சோப்பு விளம்பரங்களுக்கு மெட்டுப் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். எழுபதுகளின் கடைசியில் நான் ஜவ்வாது மலையில் வன அதிகாரி. முதல் பெரிய படம் கிடைத்திருப்பதாகச் சொல்லி, ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து இறங்கினார்.

ஒரு கல்யாண வீட்டில் நலங்கு வைத்தார்கள். மணப்பெண்ணின் தாய்தான் பாடுபவள். வெயிலில் சிவந்திருந்த நண்பரின் கழுத்தைப் பார்த்து, "இவருக்கும் ரெண்டு கை மஞ்ச பூசுங்கடி, வெந்துபோயி கெடக்குறாரு" என்றாள் ஒருத்தி. பூசியும் விட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஆனால் தாய் தலையசைக்கும்வரை கருவியில் கை வைக்கவில்லை.

பாடி முடித்ததும் அவள் என்னிடம் வந்தாள்.

"எடுத்துக்குனு போவட்டும் சாமி. ஆனா இது நலங்குப் பாட்டு. சாவு வூட்ல மட்டும் கேக்கக் கூடாது, பொண்ணுக்கு ஆவாது. அவராண்ட சொல்லிடுங்க."

என்ன சொல்கிறாள் என்று அவர் கேட்டார். எங்கே வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளச் சொல்கிறாள் என்றேன்.

மொழி தடுக்கவில்லை. அந்த நம்பிக்கையை என் வாயால் அவரிடம் சொல்ல வெட்கப்பட்டேன். வேறு காரணம் இல்லை.

படம் வெளிவந்ததும் கடிதம் எழுதினார். ஆற்றங்கரைக் காட்சியை விவரித்து, இனி சோப்புக்கு மெட்டுப் போட வேண்டியதில்லை என்று நன்றி சொல்லியிருந்தார். சில மாதங்களில் அந்த மணப்பெண், பிரசவ வலியோடு திருப்பத்தூருக்குக் கொண்டுபோகும் வழியில், ஜீப்பிலேயே இறந்தாள்.

பாட்டுக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் தாய் என் அலுவலகத்துக்கு வந்து நின்றாள்.

"அந்த வெள்ளக்காரரு நம்ம பாட்ட எங்க வெச்சாரு சாமி?"

கடிதம் மேசைமேல்தான் கிடந்தது. கல்யாணக் காட்சியில் என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தாம்மா."

அவள் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்ப அம்மா ஒண்ணும் பண்ணல கண்ணு" என்று மெல்லச் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

அந்தப் பொய்யாவது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நம்பினேன். நான் மாற்றலாவதற்கு முன் அதே ஊரில் இன்னொரு நலங்கு. அவளைப் பாடச் சொல்லிக் கூப்பிட்டார்கள். என்னைப் பார்த்தாள். மஞ்சள் கிண்ணத்தைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள். "தொண்ட கட்டிக்கிச்சி" என்று வெளியே போய்விட்டாள்.

நண்பரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் காட்சிக்கு வேறு ஏதாவது எழுதியிருப்பார். ஒரு தலையசைப்புக்காகக் காத்திருந்த மனிதர் அவர். பிறகாவது எழுதிச் சொல்ல எத்தனையோ வருடங்கள் இருந்தன. அவருடைய பெயர் வளர வளர எனக்குத் துணிவு குறைந்தது.

நேற்று அவர் மகளுக்கு இரங்கல் கடிதம் அனுப்பினேன். அதிலும் சொல்லவில்லை.