வக்கீல் ராஜமாணிக்கத்தின் லீவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அவனியாபுரம் மெக்கானிக் காதர் என் பக்கத்தில் மொபெட்டை நிறுத்தினார். ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே, "சார், ஒங்க ஆளு போயிட்டாருல்ல" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. பதினான்கு ஆண்டுகளாக இந்த ஊரில் என்னிடம் 'ஒங்க ஆளு' என்று சொன்னால், அது தல்லாகுளம் வக்கீல் ராஜமாணிக்கம் ஒருவரைத்தான் குறிக்கும். எங்கள் பழைய கார் சங்கத்துக்கு அவர் தலைவர், நான் செயலாளர்.

"எப்ப?" என்றேன்.

"விடிய, சார். காப்பி கேட்டிருக்காரு. கொண்டாந்தா ஆளு இல்ல."

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் திட்ட ஆளில்லை என்ற நினைப்புதான் வந்தது. வீட்டுக்கு வந்து பாலை வைத்துவிட்டு, அப்படி நினைத்ததற்காக என்னையே கடிந்துகொண்டேன். பிறகு யோசித்தபோது, அந்த நினைப்பில் பொய் எதுவும் இல்லை என்று பட்டது.

சங்கத்தில் மிச்சமிருக்கும் ஐந்து பேரும் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். 'பழகுவதற்கு இனியவர்' என்று எழுதினால் யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் மனத்துக்குள் சிரிப்பார்கள். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். எனக்குக் கைவந்தது அது ஒன்றுதான்.

நான் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன். மாமனார் வழியில் வந்த ஒரு சின்னக் காரைத் துடைத்து வைத்திருந்தேன். அதை நம்பிச் சங்கத்தில் சேரப் போன அன்று வக்கீல் என் காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்முடைய கறுப்புக் காரின் முன்னால் என்னை நிறுத்தி, ஸ்டார்ட் செய்யும் இரும்பு ஹேண்டிலைக் கையில் கொடுத்து, "சுத்துய்யா" என்றார்.

அந்தக் கால வண்டிகளை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காரின் ஸ்டீயரிங் சக்கரத்தை ஒட்டி ஒரு சிறு லீவர் உண்டு. அது மேலே இருந்தால் இன்ஜினுக்குள் தீப்பொறி சற்றுத் தாமதித்து விழும். ஹேண்டிலைச் சுற்ற ஆபத்தில்லை. கீழே இழுத்திருந்தால் பொறி முந்திக்கொண்டு விழும். அப்போது இன்ஜின் எதிர்ப்பக்கமாக உதைக்கும். ஹேண்டில் சுற்றியவன் கையையே திருப்பி அடிக்கும். வண்டி ஓடத் தொடங்கியபின் லீவரைக் கீழே இறக்க வேண்டும்; ஸ்டார்ட் செய்வதற்குமுன் மேலே ஏற்ற வேண்டும். வக்கீல் புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லாமல், வேண்டுமென்றே கீழே இழுத்து வைத்துவிட்டுச் சுற்றச் சொல்வார். லீவரைப் பார்க்கிறவன் உறுப்பினர். பார்க்காதவன் கையை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியவன். சங்கத்தில் இதற்கு 'லீவர் பார்த்தல்' என்று பெயர்; எல்லாரும் சிரித்துப் பேசும் வழக்கம்.

நான் சுற்றவில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்திருக்கிறதா என்று பார்த்தேன், கியரைப் பார்த்தேன், கைப்பிரேக்கைப் பார்த்தேன். பிறகு லீவரைக் கண்டு மேலே ஏற்றினேன். வக்கீல் வயிறு குலுங்கச் சிரித்தார். "சரியான பயந்தாங்கொள்ளிய்யா நீ. ஆனா பயந்தவன்தான் எல்லாத்தையும் பாப்பான். நீதான் செயலாளர், புரபசர்" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அதையும் திட்டாகத்தான் பாராட்டினார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் உறுப்பினர் இருவர் அடுத்தடுத்து இறந்தார்கள். இருவருடைய கார்களையும் பிள்ளைகள் பழைய இரும்பு எடைக்குப் போட்டார்கள். ஒரு வண்டியின் கதவு செல்லூர்ப் பக்கம் ஒரு கோழிக்கூட்டுக்குக் கதவாக இருந்ததை நானே பார்த்தேன். நாங்கள் ஒன்பது பேர்; எல்லாருக்கும் ஐம்பதுக்கு மேல். இளைஞர்கள் வராவிட்டால் மிச்ச வண்டிகளும் கோழிக்கூடுதான் என்று கூட்டத்தில் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் பேசியது அதுதான் முதல் முறை.

"இளசுகளுக்கு மோட்டார் சைக்கிளும் சினிமாவும் இருக்கு. ஒம்ம தகர டப்பாவப் பாக்க எவன்யா வாரான்?" என்றார் வக்கீல்.

வந்தார்கள். ஒரு பாலிடெக்னிக்குக்கு நான்கு முறை நடந்தேன். கரும்பலகையில் இன்ஜின் படம் வரைந்து ஒரு மணி நேரம் பேசினேன். பாதிப் பேர் தூங்கினார்கள். தூங்காதவர்களில் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். அவர்களுடைய முகவரிகளை ஒரு நோட்டில் எழுதினேன். முதல் ஞாயிறுக்கு நிகழ்ச்சி நிரல் தயாரித்தேன். அதில் ஏழாவதாக 'லீவர் சோதனை கிடையாது' என்று எழுதி வக்கீலிடம் நீட்டினேன். படித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை எல்லா உறுப்பினருக்கும் அனுப்பினேன். ஆகவே அன்று அங்கே நின்றவர்கள் யாரும் லீவரை நினைக்கவில்லை. அவர்கள்மேல் குற்றமில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த ஞாயிறு காலை வக்கீல் வீட்டு முன்வாசலில் ஐந்து கார்கள் வரிசையாக நின்றன. பையன்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். செல்வம் என்று வாடிப்பட்டிக்காரன் ஒருவன், விவசாயக் குடும்பம், நெடுநெடுவென்று இருப்பான். கறுப்புக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நண்பனிடம், "மாப்ள, இது ஐயா கல்யாணத்துல மாப்பிள்ள அழைப்புக்கு வந்த வண்டிடா" என்றான்.

வக்கீலுக்குக் காது கூர்மை. "ஆமாடா. அந்த ஊர்வலத்துல ஒங்கப்பன்தான் பெட்ரோமாக்ஸ் தூக்கிட்டு முன்னால போனான்" என்றார்.

 செல்வம் மட்டும் சிரித்தான். "தூக்கிருப்பாருங்கய்யா. இல்லேன்னா இம்புட்டுப் பெரிய வண்டிக்கு ரோடு எப்படித் தெரியும்?"

மற்ற பதினொரு பேரும் கைதட்டினார்கள். உறுப்பினர்களில் சிலரும் சிரித்துவிட்டார்கள். வக்கீலின் முகம் இறுகியது. காருக்குள் குனிந்து ஏதோ செய்தார். பிறகு ஹேண்டிலை எடுத்துச் செல்வத்திடம் நீட்டி, "வாய் நல்லா சுத்துது. கை சுத்துதான்னு பாப்பம்" என்றார்.

நான் வருகைப் பதிவு நோட்டுடன் டிரைவர் பக்கக் கதவருகில் நின்றிருந்தேன். லீவர் எனக்கு நேராகத் தெரிந்தது. கீழே இழுத்திருந்தது.

ஒரு சொல் போதும். 'தம்பி, இரு' என்றால் போதும். ஏழாவது அம்சத்தில் அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார், மறந்திருப்பார், இப்போது ஏற்றிவிடுவார் என்று நினைத்தேன். பன்னிரண்டு பேர் முன்னால் அவரைத் திருத்தினால் என்ன சொல்லுவாரோ என்றும் நினைத்தேன். இரண்டையும் நான் நினைத்து முடிப்பதற்குள் செல்வம் ஹேண்டிலைப் பிடித்துவிட்டான். கட்டைவிரலை வளைத்து, கிணற்றுக் கயிற்றைப் பிடிப்பதுபோல் பிடித்தான். ஒரே சுற்று. இன்ஜின் உதைத்தது. சத்தம் இன்ஜினில் வந்ததா கையில் வந்ததா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. வக்கீல் பின்னாலேயே நின்றுகொண்டு, "கைய ஒடச்சது நான் இல்ல. பாக்காத கண்ணு" என்றார். பையன்கள் அவனை ஆட்டோவில் ஏற்றினார்கள். ஏறும்போது ஒருவன் எங்களைப் பார்த்துச் சொன்னான்: "வண்டிதான் பழசுன்னு நெனச்சோம்ணே." அவன் யாரை அண்ணே என்றான் என்று தெரியவில்லை. பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடத் திரும்ப வரவில்லை. கூட்டக் குறிப்பில் நான் 'மாணவர் ஒருவருக்குக் கையில் சிறு காயம்' என்று எழுதினேன். அந்த வரி இன்னும் நோட்டில் இருக்கிறது.

அடுத்த வாரம் வாடிப்பட்டிக்குப் போனேன். செல்வம் மாவுக்கட்டுடன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வரைபடத் தேர்வு எழுத முடியாது. ஒரு வருடம் போயிற்று. அவன் தாயார் நான் கொண்டுபோன பழப்பையைத் தொடவில்லை. "ஒங்க ஊருல வெளையாட்டுக்குத்தான் கைய ஒடப்பாகளா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். செல்வம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், நீங்க அந்தப் பக்கமாத்தான நின்டீங்க? லீவரப் பாத்தீங்களா?"

"இல்லப்பா" என்றேன்.

"அப்பச் சரி சார். நீங்க பாத்திருந்தாச் சொல்லிருப்பீங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் ராஜினாமாக் கடிதம் எழுதினேன். கொண்டுபோனபோது வக்கீல் கார் கொட்டகையில் ஆயில் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தை வாங்கிப் படித்தார். ஆயில் பார்க்கும் கம்பியை அதிலேயே துடைத்தார்.

"நீ பாத்தய்யா, புரபசர்" என்றார். "நீ பாத்தத நானும் பாத்தேன். நீ சொல்லிருவன்னுதான் விட்டேன். பயந்த ஆளு ஒருத்தன் சத்தம் போட்டா அந்தப் பன்னெண்டு பயலும் சாகுறவரைக்கும் லீவர மறக்க மாட்டானுக. நீ வாயத் தொறக்கல. நான் என்ன செய்ய?"

அது உண்மையா, தோற்ற வழக்கில் வக்கீல் எடுத்து வைக்கும் கடைசி வாதமா? ஆறு ஆண்டுகளாக யோசிக்கிறேன். வாதம்தான் என்று சில நாள் உறுதியாக இருக்கும். அவரை வெறுக்க அந்த நாட்களில் சிரமமில்லை. அன்று கடிதத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு நோட்டுடன் போய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். நான் பார்த்ததை அவர் மற்றவர்களிடம் ஒருநாளும் சொல்லவில்லை. அதைப் பெருந்தன்மை என்று எழுதக் கை வரவில்லை. என்னைக் கட்டிப்போட அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் வண்டி கெட்டுவிட்டது. உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். திண்டுக்கல் ரோட்டில் எப்போதும் முன்னால் போகிற கறுப்புக் கார் கடைசியில் வரத் தொடங்கியது. வாடிப்பட்டி தாண்டுவதற்குள் ரேடியேட்டர் கொதித்துவிடும். புளியமரத்தடியில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "என்ன வக்கீலே, வண்டிக்கும் பென்ஷனா?" என்று நாங்கள் கேலி செய்தோம். எங்கள் எல்லாரையும் கெட்ட வார்த்தையில் திட்டுவார், காரணம் சொல்லமாட்டார். வயதாகிவிட்டது, கைப்பக்குவம் போய்விட்டது என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன்.

செவ்வாய் மாலை அவரை எடுத்தபிறகு காதர் என்னைக் கொட்டகைக்கு அழைத்தார். வக்கீலின் மூத்த மகன் சென்னையிலிருந்து வந்திருந்தார். "அங்கிள், காரியம் முடியற வரைக்கும் வண்டி இங்க இருக்கட்டும். யாராவது கேட்டா குடுத்துடலாம். இல்லேன்னா எடைக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கார்க் கதவைத் திறந்தேன். பழக்கத்தில் முதலில் லீவரைப் பார்த்தேன். மேலே இருந்தது. செப்புக் கம்பியால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, முறுக்கி, மேலேயே கட்டியிருந்தது. கம்பி பச்சை பூத்திருந்தது.

"இது என்ன, காதர்?"

"அந்தப் பையன் கை ஒடஞ்ச வாரமே கட்டச் சொன்னாரு சார். கீழ எறங்கவே கூடாதுன்டாரு. ஐயா, இப்படிக் கட்டுனா வண்டி இழுக்காது, சூடாகும்னு எம்புட்டோ சொன்னேன். 'கொதிச்சுட்டுப் போகட்டும், நீ கட்டு'ன்டாரு. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

அங்கேயே நின்றேன். என் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை, கோபம்தான் வந்தது. வண்டியைக் கொதிக்க விட்டதற்குப் பதிலாக ஒருநாள் வாடிப்பட்டியில் அந்தப் பையன் வீட்டு வாசலில் இறங்கியிருக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் செல்வத்தின் ஊர் வழியாகத்தானே கொதித்துக்கொண்டு போனார்? கொட்டகைக்குள் கட்டி வைத்த வருத்தத்தால் ஒரு பையனுக்கு என்ன பயன்? இளைஞர்கள் எங்களை விட்டுப் போனதற்குப் பழைய கார்கள் காரணமில்லை. இதுதான் காரணம். தவறு செய்துவிட்டு அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத கிழவர்கள் நாங்கள்.

'நாங்கள்' என்று எழுதியபின் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மறுநாள்தான் எடுத்தேன்.

காதரிடம் குறடு வாங்கி அந்தக் கம்பியை அவிழ்த்தேன். வக்கீல் ராஜமாணிக்கத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான். இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. அவிழ்த்த பிறகும் நிமிரவில்லை, சுருண்டே கிடக்கிறது.

இந்த அஞ்சலியின் பிரதிகளை உறுப்பினர்கள் ஐந்து பேருக்கும் அனுப்புகிறேன். நோட்டில் இருக்கும் பன்னிரண்டு முகவரிகளுக்கும் அனுப்புகிறேன். எத்தனை முகவரி மாறியிருக்கும் என்று தெரியாது. யாரையும் வரச் சொல்லும் தகுதி எனக்கில்லை. வண்டி காரியம்வரை அங்கே இருக்கும். லீவர் இப்போது இறங்கும், ஏறும். தொடுமுன் பார்க்க வேண்டும்.

செல்வம், அன்று லீவர் கீழே இருந்தது. நான் பார்த்தேன்.