குவியலைக் கலைத்த நாள்

அழுகிய முட்டையும் மண்ணெண்ணெயும் கலந்ததுபோல ஒரு வாடை. அதன் நடுவே, கூழ் கொதிப்பதுபோல "ப்ளக், ப்ளக்" என்று ஒரு சத்தம். பாராட்டாங் தீவின் சேற்று எரிமலை வாயில், குளம்போலத் தேங்கிய சாம்பல்நிறச் சேற்றில் குமிழிகள் வெடிப்பதை நான் பார்த்தது, ஏழாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்த மறு ஞாயிறு. நினைவை மட்டும் நம்பாமல் அப்பாவின் டைரியிலும் சரிபார்த்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் அவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "பாராட்டாங். வெயில். நண்டு வாங்கவில்லை."

போர்ட் பிளேரிலிருந்து வாடகை வேனில் அப்பா, அம்மா, நான் மூவரும் விடியுமுன் கிளம்பியிருந்தோம். காப்புக்காட்டுச் சாலையில் வண்டிகள் போலீஸ் காவலோடு வரிசையாகத்தான் போகமுடியும். அந்த வரிசைக்கு "கான்வாய்" என்று பெயர். பிற்பகலின் கடைசிக் கான்வாயை விட்டால் அன்றைக்கு வீடு திரும்ப முடியாது. எரிமலையைப் பார்த்துவிட்டுப் படகுத்துறைக்கு வந்தபோது கொஞ்சம் நேரம் மிச்சமிருந்தது. துறையோரச் சந்தையில் இறங்கினோம்.

அங்கே நண்டுக்கு எடையில்லை. பெரிதும் சிறிதுமாகக் கலந்து வைத்த குவியலுக்கு "பாகா" என்று பெயர். எடுத்தால் குவியலை முழுசாக எடுக்கவேண்டும். அப்பாவோ குந்தி உட்கார்ந்து, அங்கிருந்த மூன்று பாகாக்களிலிருந்தும் பெரிய நண்டுகளாகப் பொறுக்கித் தனக்கென்று நாலாவதாக ஒன்றைச் சேர்க்கத் தொடங்கினார்.

"பாகா மத் தோடோ, பாய்! லேனா ஹை தோ பூரா லோ!" என்று கத்தினான் நண்டுக்காரன். குவியலைக் கலைக்காதே, வாங்கினால் முழுசாக வாங்கு என்கிறான்.

"சார், இங்க பொறுக்குற வழக்கமில்ல. எந்திரிங்க, கான்வாய் போயிரும்" என்றார் டிரைவர் முனியாண்டி அண்ணன்.

"சும்மா இருப்பா. நம்ம ஊரு அபர்டீன் பஜார்ல வாங்காத நண்டா? பொடிசையெல்லாம் நம்ம தலையில கட்டப் பாக்குறான்" என்றார் அப்பா.

நண்டுக்காரன் கத்தியின் பட்டைப் பக்கத்தால் அப்பாவின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். அப்பா எழுந்து அவன் கன்னத்தில் அறைந்தார். அடுத்த நொடி நாலைந்து பேர் அவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் நண்டுகளின் ஓட்டின்மேல் சொட்டியது. "ஏங்க! விடுங்கடா, செத்துருவாரு!" என்று அம்மா அலற, யாரோ அவளைப் பிடித்துத் தள்ளினார்கள்.

கடைக்குப் பின்னால் என் வயதுப் பெண் ஒருத்தி, நண்டுக்காரனின் மகள், நண்டுகளின் கொடுக்குகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் கட்டாத நண்டுகள் கிடந்த கூடை அவள் முழங்காலருகே இருந்தது. நான் ஓடிப்போய் அந்தக் கூடையை முழு பலத்தோடு உதைத்தேன். நண்டுகள் நாலாபக்கமும் சிதறின. அவற்றில் ஒன்று அவள் சுட்டுவிரலைக் கவ்வியது.

எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அவள் முதலில் கத்தவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அதன்பிறகு அவள் போட்ட கூச்சலில் அடித்தவர்கள் எல்லோரும் அப்படியே திரும்பினார்கள். நண்டுக்காரன் அப்பாவை விட்டுவிட்டு ஓடிவந்து, கத்திப்பிடியால் அந்தக் கொடுக்கை அடித்து உடைத்தான். விரலின் நுனி தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. முனியாண்டி அண்ணன் எங்களை இழுத்து வேனுக்குள் தள்ளினார். கான்வாய் கிடைத்தது.

"இவ மட்டும் இல்லன்னா அன்னைக்கு இவரைக் கொன்னுருப்பானுங்க" என்று அம்மா உறவுக்காரர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னாள். அந்தக் கதையில் கூடை வரும், நண்டுகள் வரும். அந்தப் பெண் வரமாட்டாள். நானும் ஒருமுறைகூட அவளைச் சேர்த்துச் சொன்னதில்லை.

போன மாதம் மறுபடி போனேன். போர்ட் பிளேருக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள், பழைய பெயர் இப்போது ஏட்டில் இல்லை. அப்பாவும் இல்லை. சேற்றுக் குழியைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். சந்தையில் நான் பார்த்தவரை பாகா இல்லை. மின்தராசு வந்துவிட்டது, பிடித்த நண்டைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். நண்டு விற்ற பெண்களில் என் வயதுக்காரிகள் மூன்று பேர். வெறுங்கையோடு வந்துவிடக் கூடாதென்று ஒவ்வொருவரிடமும் ஒரு நண்டு வாங்கினேன், அவர்கள் எடுத்துத் தரும்போது கைகளையே பார்த்தபடி.

மூவரும் தடித்த ரப்பர் கையுறை அணிந்திருந்தார்கள்.