கப்பலுக்குத் தைத்த கோட்

ஜோகுபாளையத்தை விட்டு அதிகம் நகராத என் கணவர், ரிட்டயர் ஆனதும் சென்னையிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் எங்கள் இருவருக்கும் டிக்கெட் போட்டார். கப்பலில் ஒருநாள் விருந்துக்குக் கோட் போட்டுத்தான் போக வேண்டுமாம். கல்யாணத்துக்குப் பிறகு அப்போதுதான் கோட் தைத்துக்கொண்டார். பக்கத்திலிருக்கும் அத்திபெலேயைத் தாண்டுவதற்குள் பஸ்ஸில் வாந்தி எடுப்பவர் என்பதால், அதன் உள்பாக்கெட்டில் மாத்திரை அட்டையை வைத்தேன்.

"கப்பல்ல வந்து என் மானத்த வாங்காதீங்க" என்றேன். சிரித்தார்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

எங்கள் சபையில் ஆண்களுக்குக் கோட் அணிவித்துத்தான் அடக்கம் செய்வார்கள். அவருடைய தங்கை பீரோவைத் திறந்து, "அண்ணி, இதையே போட்டுடலாமா?" என்று கேட்டாள். தலையாட்டினேன்.

பெட்டியில் கிடந்தவரின் கோட்டை நீவிவிட்டபோது அந்த அட்டை கையில் தட்டுப்பட்டது. அவளும் கவனித்துவிட்டாள்.

"உள்ள ஏதோ இருக்கு அண்ணி. எடுத்துடுங்க."

"இருக்கட்டும் விடும்மா."

அங்கே நோயும் வேதனையும் இல்லை என்று பாஸ்டர் கல்லறையில் ஜெபித்தார். நானும் அதை நம்புகிறேன். ஆனால், போகிற வழியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே.