அமீனா பீயின் நகங்கள்

அமீனா பீ இரண்டு கைகளையும் நீட்டினாள். டாக்டர் அனந்தராமன் அவற்றை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தார். அவர் முகம் சுருங்கியது. பத்து நகங்களும் மருதாணியில் செக்கச் செவேலென்று இருந்தன.

"நகத்தைப் பாக்கணும்னுதானே வரச் சொன்னேன்? இப்படி இட்டுண்டு வந்தா என்னத்தைப் பாக்கறது?"

"டாக்டரு கையப் பாக்கப் போறாரே, வெறுங்கையா எப்டிப் போறதுன்னு ராவெல்லாம் கட்டிக்கினு படுத்தேன் அய்யா."

"கால் விரல்?"

"மிச்சம் இருந்துச்சு. அதுலயும் வெச்சுக்கினேன்."

ராயப்பேட்டையிலிருந்து வளையல் கூடையோடு நடந்து மயிலாப்பூர் மாடவீதிகளுக்கு வருகிறவள் அமீனா பீ. பெயர்களை அவள் நினைவில் வைப்பதில்லை. வளையல் அளவுதான். "ரெண்டே கால் அம்மா பொறந்த வூட்லேர்ந்து வந்துட்டாங்களா?" என்று விசாரிப்பாள். யாராவது சற்றுச் சதை போட்டுவிட்டால், "இன்னாம்மா, ரெண்டரைக்குப் போய்க்கினு கீறீங்க!" என்று தெருவுக்கே அறிவிப்பாள். பெண்கள் திட்டிக்கொண்டே கையைக் கொடுப்பார்கள்.

யுத்தம் முடிந்து வடக்கேயிருந்து சரக்கு தாராளமாக வரத் தொடங்கிய வருஷம் அவள் விரல் நுனிகள் வெளுத்தன. பிறகு மணிக்கட்டு. நகங்களில் நீளவாக்கில் கோடுகள் விழுந்தன. வளையலை வாங்கினார்கள், கையைக் கொடுக்கவில்லை. "வெச்சுட்டுத் தள்ளி நில்லு" என்றார்கள். வெண்குஷ்டம் என்ற பேச்சு அவளுக்கு முன்னால் வீடுகளுக்குப் போய்விட்டிருந்தது.

கச்சேரி ரோடு வீட்டில் சீதாவுக்கு வளைகாப்பு. "டாக்டர்ட்ட காட்டு. குஷ்டம் இல்லேன்னா நீயே வந்து போடு" என்று சீதாவின் மாமியார் சொல்லியிருந்தாள். அந்த வீடு கதவைச் சாத்தினால் மாடவீதி முழுவதும் சாத்தும். அமீனா பீக்கு அது தெரியும்.

அப்படி அவள் முந்தின நாள் சாயங்காலம் வந்தபோது டாக்டர் வெள்ளைத் திட்டுகளில் ஊசி முனையால் குத்திப் பார்த்தார். அவள் "அல்லா!" என்று அலறியதில் அவருக்குப் பாதித் திருப்தி. குஷ்டத்தில் போல உணர்ச்சி மரத்துப் போகவில்லை. ஆனால் வெள்ளை கண்ட யாரையும் நகங்களைப் பார்க்காமல் அவர் விடுவதில்லை. இருட்டிவிட்டதால் காலையில் வரச் சொன்னார். அதனால்தான் இந்த மருதாணி.

இப்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். தன் கட்டைவிரல் நகத்தால் அவளுடைய நகங்களை ஒவ்வொன்றாக வருடினார்.

"இங்க வரப்பு மாதிரி இருக்கு. இதுல குழி... இதுலயும்."

அமீனா பீக்குக் கூசியது. அவள் கையை இன்னொருவர் பிடித்து வெகுநாள் ஆகியிருந்தது.

"இன்னா அய்யா, செல்லாக் காசா நல்ல காசான்னு தடவுற மாரி கீது?"

"சும்மா இரு."

"இது வேற புது வியாதியா?"

"இல்லை. அந்த வெள்ளையோட வர்றதுதான். சில பேருக்கு நகமும் இப்படி ஆகும். குஷ்டம் இல்லை. தொட்டா ஒட்டாது."

"எனக்குச் சொல்லி இன்னா பிரயோஜனம்? அவங்களுக்கில்ல சொல்லணும்?"

"சொல்லி அனுப்பறேன், போ."

மறுநாள் வளைகாப்பு நடந்தது. டாக்டரின் தகவல் காலையிலேயே வந்திருந்தது. மாமியார் அமீனா பீயைக் கூடத்துக்குள் வரச் சொன்னாள். வெளுத்த விரல்களையும் சிவந்த நகங்களையும் பார்த்துப் பெண்கள் சற்றுத் தள்ளி நகர்ந்து உட்கார்ந்தார்கள். சீதாவின் கை வீங்கியிருந்தது. அமீனா பீ நிதானமாகப் போட்டாள். ஒரு வளையலும் உடையவில்லை.

முடிந்ததும் மாமியார் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"சீதா, கையை அலம்பிண்டு மணையில உக்காரு."

அமீனா பீ குனிந்து கூடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். சீதா செம்பை வாங்கினாள். அண்ணாந்து தண்ணீரை முழுக்கக் குடித்தாள். காலிச் செம்பை மாமியாரிடம் கொடுத்துவிட்டு மணையில் போய் உட்கார்ந்தாள்.