ஒரு பாட்டில் தெளியும் வரை

பிள்ளைகளே, நம் வீட்டு நிலைக்கண்ணாடி பக்கத்தில் நீங்கள் சீப்பு போட்டு வைக்கிற பச்சைத் தகர டப்பா, பால் பவுடர் டப்பா இல்லை. அது இங்கிலாந்து பீர் டப்பா. அது ஆரணிக்கு எப்படி வந்தது என்று எழுதி வைக்கிறேன். ஏழாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. தப்பு இருந்தால் திருத்திப் படியுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். நான் ஒரு பட்டு முதலாளியிடம் நூலுக்குச் சாயம் போடும் வேலையில் இருந்தேன். சிங்கப்பூரில் ஒரு புடவைக் கடைக்கு நம் சரக்கைக் காட்டப் போனபோது, நிறம் பார்க்க என்னையும் முதலாளி கூட்டிப்போனார். அந்தக் கடைக்காரர் எங்களுக்கு ஒரு சோதனை வைத்தார். அவருடைய வாடிக்கையாளர் ஒரு தமிழ் டீச்சரம்மா. வீட்டுக்காரர் வெள்ளைக்காரர். மகள் கல்யாணத்துக்கு அந்த அம்மா கட்டும் புடவை, வீட்டுக்காரருடைய ஊர் ஏல் நிறத்தில் இருக்க வேண்டுமாம். ஏல் என்பது அங்கே காய்ச்சுகிற ஒரு வகை பீர். அந்த நிறத்தை நாங்கள் கொண்டுவந்துவிட்டால் வருஷா வருஷம் எங்களிடமே புடவை எடுப்பதாகக் கடைக்காரர் சொன்னார்.

"கலர் வந்துச்சுன்னா, வியாபாரம் படுத்துக்குற மழைக்காலத்துலயும் நம்ம தறி ஓடும். வரலைன்னா, ஏரோப்ளேன் பாத்துட்டு வந்தோம்னு ஊர்ல சொல்லிகினு திரிய வேண்டியதுதான்" என்றார் முதலாளி. மறுநாள் மாலை எங்களுக்கு விமானம்.

டீச்சரம்மா வீட்டு மேசையில் டப்பாக்களும் பாட்டில்களும் வரிசையாக நின்றன. எல்லாம் கப்பலில் வந்து அங்கே கடையில் விற்பவை. ஒரே ஒரு பாட்டில் மட்டும் வேறு. வெள்ளைக்காரருடைய ஊரிலிருந்து நண்பர் ஒருவர் பையில் வைத்துக் கொண்டுவந்தது. அந்த நிறம்தான் வேண்டும்.

பாட்டிலை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். அடியில் மண்டி தங்கியிருந்தது. சாயம் அடியில் தங்கினால் பட்டில் திட்டுத் திட்டாக விழும் என்று தினமும் தொட்டியைக் கலக்குகிற கை இது. என்னைக் கேட்காமலே பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டது.

"அண்ணே! ஆட்டாதீங்க!" என்று டீச்சரம்மா கத்தினார். வெள்ளைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மண்டி அடியிலயே இருக்கணும் அண்ணே. இப்ப ஊத்தினா கலங்கல்தான் வரும். நாளைக்குக் காலையிலதான் தெளியும்."

"யோவ், அது இன்னா உன் சாயத்தொட்டியா? இத்தோட பேஜாரு. தெளியற வரைக்கும் ஏரோப்ளேன் நின்னுகினு இருக்குமா?" என்று முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார்.

பாட்டிலை அலமாரி மேல் நேராக நிறுத்தி வைத்தார்கள். பக்கத்தில் நடக்கும்போது முதலாளிகூட செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்.

அதுவரை மற்றதைப் பார்க்கலாம் என்று வெள்ளைக்காரர் ஒரு டப்பாவின் வளையத்தைப் பிடித்து இழுத்தார். புஸ்ஸென்று சத்தம். தகரத்துக்குள்ளிருந்து நுரை எழுந்து வந்ததை நான் வாயைத் திறந்தபடி பார்த்தேன். ஐஸ் வேண்டாமா என்று முதலாளி கேட்டார். "ஐஸ் போட்டா சண்டைக்கு வருவாரு" என்றார் டீச்சரம்மா.

சாயம் கரைப்பதற்கு முன் கிணற்றுத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்து, உப்பு பார்த்துத் துப்புவது எங்கள் வழக்கம். அதே மாதிரி ஒவ்வொன்றிலும் விரலைத் தொட்டு வைத்தேன். ஒன்று கருகின வெல்லம். ஒன்று பாகற்காய். இன்னொன்றில் வறுத்த தானிய வாசனை. நான் செய்வது என்னவென்று வெள்ளைக்காரர் கேட்க, நான் சொன்னதை அந்த அம்மா இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மளமளவென்று ஏதோ பேசினார்.

"அவங்க ஊர்த் தண்ணி கல்லுக்குள்ள ஊறி வருதாம் அண்ணே. அதே சரக்கை வேற ஊர்ல காய்ச்சினா இந்தக் கசப்பு வராதாம்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நம் கிணற்றில் கரைத்த சிவப்பு, பக்கத்து ஊர் களம்பூர்த் தண்ணீரில் கரைத்தால் வேறு சிவப்பு. இத்தனை கடல் தாண்டி ஒருவர், வேறு தொழிலில், அதையே சொல்கிறார்!

மறுநாள் காலை பாட்டில் தெளிந்திருந்தது. கைக்குழந்தையைத் தூளியில் கிடத்துவது போல வெள்ளைக்காரர் அதைச் சாய்த்து, நடுவில் நிமிர்த்தாமல் ஒரே ஓட்டமாக ஊற்றி, மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்தினார். கிளாஸை வெயிலில் பிடித்தார்.

இருக்கிற நிறமெல்லாம் பார்த்தாகிவிட்டது என்று அதுவரை நினைத்திருந்தேன். நடுவில் அரக்கு. ஓரத்தில் தேன். கிளாஸைத் திருப்பினால் ஒன்றுக்குள் ஒன்று ஓடுகிறது. எப்படிக் கரைத்தாலும் ஒரே சாயத்தில் இது வராது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. நீளவாக்கில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை ஒரு நிறம் என்று நெய்தால்தான் வரும். அந்தக் கிளாஸில் மட்டும் ஒரு வாய் விழுங்கினேன். முதலில் வேப்பம்பூக் கசப்பு. அது போனபின் கமலா ஆரஞ்சுத் தோல் மணம் வெகுநேரம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மா கேட்டாள்: "அங்க குடிச்சீங்களா?"

"கலர் பாத்தேன்."

"வாயாலயா?"

அரக்கில் பாவு, தேனில் ஊடை. நெய்து முடித்ததும் முதலாளி புடவையோடு தனியாகப் போனார். அவர் திரும்புகிற வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்தவர் நேராகச் சாயக் கொட்டகைக்கு வந்தார்.

"அந்த வெள்ளைக்காரரு ஜன்னல்ல பொடவையப் போட்டு, பக்கத்துல அந்த ஏலை ஒரு கிளாஸ் ஊத்தி வச்சாருய்யா. அப்புறம் கிளாஸைத் தொடவே இல்ல. பொடவைய மடிக்கிறாரு, பிரிக்கிறாரு, வெளிச்சத்துல பாத்துகினே இருக்காரு. நுரையெல்லாம் அடங்கியே போச்சு."

பிறகு பையிலிருந்து இந்தப் பச்சை டப்பாவை எடுத்தார். "உனக்குன்னு குடுத்தாரு."

வாங்கினேன். காலியாக இருந்தது.

"உள்ள இருந்தது?"

"ஏரோப்ளேன்ல தாகமா இருந்துச்சுய்யா."

மூக்கருகே வைத்தேன். வறுத்த தானிய வாசனை இன்னும் இருந்தது. வெளியே அந்த வருஷத்து முதல் மழை பிடித்துக்கொண்டிருந்தது. நம் தெருவில் தறிச்சத்தம் நிற்கவில்லை.