அக்காவுக்கு ஒரு முடிவு, பத்திரிகைக்கு ஒரு முடிவு

ஏழு வயதில் அவள் சொன்ன முதல் கதையில் ஒரு முதலை அவளுடைய அக்காவை விழுங்கிவிட்டது. அக்கா போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். அன்றைக்கு அம்மா ஒரு சட்டம் போட்டாள்: "இனிமே இந்த வீட்டுக் கதையில யாரும் சாகக் கூடாது."

அம்மா அதை மறுநாளே மறந்துவிட்டாள். அக்கா மறக்கவில்லை. தங்கை எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பது அவள்தான். கையில் வாங்கும்போதே கேட்பாள், "யாராவது போயிடறாங்களா? இப்பவே சொல்லிடு."

தங்கைக்கோ ஒருவராவது சாகாவிட்டால் கதை முடிந்த மாதிரியே இருக்காது. அதனால் ஒவ்வொரு கதைக்கும் இரண்டு முடிவு எழுத ஆரம்பித்தாள். எல்லோரும் பிழைத்துக்கொள்ளும் பிரதி அக்காவுக்கு. போக வேண்டியவர் போய்ச் சேரும் பிரதி பத்திரிகைக்கு.

பத்தொன்பது வயதிலிருந்து அவள் அனுப்பியதையெல்லாம் பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. இதற்கிடையில் அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் போனாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை, "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க." நடுவில் கிடைக்கும் ஐந்து நிமிடங்களில் கதை. எழுதியதைப் பழைய எக்ஸ்ரே உறைகளில் போட்டு வைப்பாள். எல்லாம் ஒரே மஞ்சள் நிறம். அங்கேதான் வினை வந்தது.

நாற்பத்தொரு வயதில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. கதையை ஏற்றுக்கொண்டார்களாம். செத்துவிட்டார் என்று கிடத்தியிருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்து, "மாப்பிள்ளை, அது என் வாட்ச்" என்று சொல்லும் இடத்தில் அலுவலகமே சிரித்ததாம்.

உறை மாறிவிட்டது. அது அக்காவின் பிரதி! பத்திரிகைக்கு எழுதியதில் பெரியவர் எழுந்திருக்கவே மாட்டார். ஆசிரியரைத் தொலைபேசியில் பிடிக்க இரண்டு நாள் முயன்று, முடிவு மாறிவிட்டது என்று அலுவலகத்தில் சொல்லி வைத்தாள். மூன்றாம் நாள், ஒரு நோயாளியை மூச்சைப் பிடிக்கச் சொல்லி நிறுத்தியிருந்த நேரத்தில் ஆசிரியரே கூப்பிட்டார்.

"பாருங்கம்மா, இந்த இதழ்ல ஏற்கெனவே மூணு கதையில மூணு பேர் செத்துட்டாங்க. இன்னிக்கு மத்தியானம் அச்சுக்குப் போகுது. பெரியவர் பிழைச்சா போடறேன், இல்லேன்னா திருப்பி அனுப்பறேன். என்ன சொல்றீங்க?"

இருபத்திரண்டு வருடம் அவள் கண்முன் வந்து நின்றது.

"இருக்கட்டும் சார். உயிரோடயே இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நோயாளி முகம் சிவக்க நின்றிருந்தார்.

"ஐயோ, மூச்சை விடுங்க!"

அவர் விட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார், "அம்மா, என் படத்துல அப்படி என்ன தெரியுது?"

பத்திரிகை வந்த அன்று அக்கா நின்றபடியே இன்னொரு தடவை படித்துச் சிரித்தாள். தங்கை மட்டும் சிரிக்கவில்லை. நாலு பேர் பாராட்டும்போது தன் கதை என்று சொல்ல வாய் வரவில்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அடிப்பாவி! இத்தனை வருஷமா என் முதுகுக்குப் பின்னால எத்தனை பேரைக் கொன்னிருக்கே?"

"முப்பத்தேழு."

"அதுல குழந்தைங்க?"

"ரெண்டே ரெண்டு."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கை நீட்டினாள். "பெரியவர் சாகறதைக் குடு."

படித்தாள். தங்கை அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுகூட வரவில்லை.

"உனக்கு அழுகை வரலையா?"

"எங்கே வர விட்டே? செத்த மனுஷனைச் சுத்தி ஆளாளுக்கு இப்படிப் பேசினா? மகளை மட்டும் விட்டுட்டு மத்தவங்களை வெளியே அனுப்பு."

இத்தனை வருடங்களில் ஒரு பத்திரிகையும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தங்கை உட்கார்ந்து ஒன்றரைப் பக்கத்தை அடித்து நீக்கினாள். அக்கா அதற்குள் அடுத்த உறையைப் பிரித்துவிட்டாள்.

"இதுல யாரு போறது?"

"பஸ் டிரைவர்."

"சரி," என்று அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். "இவரையாவது உருப்படியா கொன்னிருக்கியான்னு பார்ப்போம்."